விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு: அன்றாடப் பழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப்படிப்பு முடியும்வரை காலையில் எழுப்ப வீட்டில் ஆள் இருந்தது. படிக்கும் நேரத்தைப் பள்ளியும் டியூஷனும் தீர்மானித்தன. சாப்பாடு தட்டுக்கு வந்தது. கல்லூரி விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே இந்தப் பொறுப்புகள் அனைத்தும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் மொத்தமாக இறங்குகின்றன. விடுதிப் பொறுப்பையும் பார்க்கும் கல்லூரி ஆசிரியர் என்ற முறையில், முதலாண்டு மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். தினமும் கல்லூரிப் பேருந்தில் வந்துபோகும் மாணவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. இந்த எண்ணைப் பரவலாக்கியவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர். அறுவைக்குப் பிறகு தம் புதிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. எண் மட்டும் மிஞ்சி, எல்லாப் பழக்கத்துக்குமான விதியாகிவிட்டது.

இதை முறையாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறிய செயலைத் தேர்ந்துகொண்டு தினமும் செய்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று அந்த 12 வாரப் பதிவுகளை வைத்துக் கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டது.

ஆகவே ஆடி மாதத்தில் தொடங்கிய பழக்கம் நவராத்திரி வாக்கில்தான் தானாக நடக்கத் தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழிந்தும் சிரமமாக இருந்தால் உங்களிடம் குறை ஏதும் இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் தவறியதும் 'எல்லாம் போயிற்று' என்று மொத்தத்தையும் கைவிடும் பிள்ளைகளுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிறேன். மூன்றாம் நாளே கலைந்துவிடுகிறது. என்ன செய்வது?

அட்டவணையைக் கிழித்துவிட்டு ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் நாளில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள்.

விடுதி வாழ்க்கையில் அசையாத நேரங்கள் பல உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நேரம், மெஸ் திறக்கும் நேரம், மாலைத் தேநீர், இரவு வருகைப் பதிவு ஆகிய இவற்றை நீங்கள் மறக்க நினைத்தாலும் மறக்க முடியாது. 'தினமும் கணக்குப் போடுவேன்' என்பதில் எப்போது, எங்கே என்பது இல்லை. 'காலை டிபன் முடித்துத் தட்டைக் கழுவியதும், அறைக்குத் திரும்பாமல் நேராக வகுப்பறைக்குப் போய், நேற்று நடத்திய பாடத்திலிருந்து ஒரு கணக்குப் போடுவேன்' என்பதில் எல்லாம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த வகைத் திட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள் வெறுமனே உறுதி எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள் என்பது 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் உறுதியானது.

அளவையும் கவனியுங்கள். உற்சாகமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து திட்டம் போட்டால் தினமும் மூன்று மணி நேரம் படிப்பதாகத்தான் எழுதுவோம். ரெக்கார்ட் நோட்டு ஒப்படைக்க வேண்டிய நாளில், தலைவலியோடு, வீட்டிலிருந்து ஒரு கவலையான செய்தியும் வந்த இரவில் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் உங்கள் அளவு. பெரும்பாலும் அது பத்து நிமிடமாக இருக்கும். பத்து நிமிடமே போதும். நல்ல நாளில் கூடுதலாகச் செய்யுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்?

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் முன்னேற முடியுமா?

இந்த அறிவுரையை நம் ஊரில் கேட்காத மாணவர் கிடையாது. சொல்பவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் இதனால் கெட்டுப்போன தூக்கத்தை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பதின்பருவத்தில் உடலின் கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு சிறுவர்களுக்கும் நடுவயதினருக்கும் தொடங்குவதைவிட இந்த வயதில் தாமதமாகத் தொடங்குகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அதில் பொய் இல்லை. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும், அதற்கு மேல் குறைந்தது 7 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது தூக்கவியல் மருத்துவர்களின் பரிந்துரை. நான்கு மணிக்கு எழ வேண்டுமானால் ஒன்பது மணிக்குத் தூங்கியாக வேண்டும். நான்கு பேர் தங்கும் அறையில் ஒன்பது மணிக்கு யார் விளக்கை அணைக்கிறார்கள்? பதினொன்றரைக்குப் படுத்து நான்குக்கு எழுந்து, பத்து மணி வகுப்பில் தலை தொங்கும் மாணவர் எதையும் சம்பாதிக்கவில்லை. படித்தது நினைவில் படிவதே பெரிதும் தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படித்தால் ஒரு கையால் எழுதி மறுகையால் அழிப்பது போலாகும்.

இயல்பிலேயே விடியலில் விழிப்பவர்கள் உண்டு. கிராமத்து வீட்டில் மாடு கறந்து பழகிய பிள்ளைகளை நான் அறிவேன். அவர்கள் அப்படியே தொடரட்டும், படுக்கும் நேரத்தை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். மற்றவர்களுக்கு நான் சொல்வது: இரவு பதினொன்று, காலை ஆறு அல்லது ஆறரை. எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். எழுந்ததும் மொட்டை மாடிக்கோ மைதானத்துக்கோ போய்ப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். காலை வெளிச்சம்தான் உடல் கடிகாரத்தை முன்னுக்குத் திருப்பும் சாவி.

தேநீர், காபி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடித்த காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். நான்கு மணித் தேநீரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறைத்தோழர்கள் இரவு ஒரு மணிவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

செமஸ்டரின் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். அக்டோபரில் பேசினால் அது சண்டையாகும். 'பதினொரு மணிக்குப் பெரிய விளக்கை அணைத்துவிடலாம், படிப்பவர்கள் மேசை விளக்கைப் போட்டுக்கொள்ளட்டும்' என்று கேட்டால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். படிப்பதற்கு அறையை நம்பாதீர்கள். கல்லூரி நூலகம், ஊரில் இருக்கும் மாவட்ட மைய நூலகம் இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள். சென்னையில் படிப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது.

காலையில் சாப்பிட நேரமே இல்லை. விட்டுவிட்டால் என்ன?

காலை உணவை விட்டவர் பதினொரு மணி இடைவேளையில் கேன்டீனில் பப்ஸும் தேநீரும் வாங்குகிறார். மதியம் பசி மிஞ்சி அளவுக்கு மீறிச் சாப்பிட்டு, பிற்பகல் வகுப்பில் தூங்குகிறார். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை உணர்ந்துதான் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரிக்கு வந்ததும் அந்த வயிறு மாறிவிடுவதில்லை. மெஸ் மூடும் நேரத்துக்குள் போக முடியாத நாளுக்காக அறையில் வாழைப்பழம், வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை வைத்திருங்கள்.

மெஸ் சாப்பாட்டின் பெரிய குறை அளவில் இல்லை. மூன்று வேளையும் அரிசியாகவே இருப்பதில் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை. 55 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 46 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். சாம்பாரில் பருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்ளாதீர்கள். சுண்டல், தயிர், பயறு எது கிடைத்தாலும் விடாதீர்கள். டப்பாவில் விற்கும் புரதப் பொடிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டையும் கடலையும் வாங்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இதை யாரும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. பல விடுதிகளில் மாணவர்கள் இடம்பெறும் மெஸ் கமிட்டி உண்டு. மாலைச் சிற்றுண்டியில் வாரம் மூன்று நாள் பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல் கேளுங்கள். செலவும் அதிகமாகாது, சமையல்காரருக்கு வேலையும் குறையும். ஒருவர் மனஉறுதியோடு பஜ்ஜியைத் தவிர்ப்பதைவிட இருநூறு தட்டுகளில் சுண்டல் விழுவது எவ்வளவோ மேல்.

எவ்வளவு தூங்கினாலும் சோர்வாகவே இருக்கிறது. சோம்பேறி என்று திட்டுகிறார்கள்.

இதைப் பெரும்பாலும் மாணவிகள் கேட்கிறார்கள். திட்டுபவர்கள் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். 2019 முதல் 2021வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். படி ஏறினால் மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல், எதிலும் கவனம் நில்லாமை எல்லாம் இதனால் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பணமில்லாமல் பார்க்கலாம். குறைவாக இருந்தால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

உணவில் ஒரு சிறு மாற்றம் உதவும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை மூன்றிலும் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்கத் துணைசெய்யும். கொய்யா சீசனில் கல்லூரி வாசலிலேயே விற்கிறார்கள்.

உடற்பயிற்சிக்கு ஜிம்மில் சேர வேண்டுமா?

வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வேகமாக நடந்தால் கணக்கு முடிந்தது. பஸ்ஸில் வருபவர்கள் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கலாம். வாலிபால், கபடி ஆடுபவர்கள் நிமிடக் கணக்கே பார்க்க வேண்டாம்.

ஆனால் இந்தப் பதிலை மாணவிகளிடம் இவ்வளவு எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பல மகளிர் விடுதிகளில் ஆறு மணிக்குக் கதவு பூட்டப்படுகிறது. வகுப்பும் ஆய்வகமும் முடியவே ஐந்து ஆகிறது. மைதானம் ஆண்களுக்கு என்பது எழுதாத விதியாக இருக்கிறது. கதவை ஒரு மணி நேரம் தள்ளிப் பூட்டுவதும், மைதானத்தில் மாணவிகளுக்கு நேரம் ஒதுக்குவதும் நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை; அதைப் பெண் பிள்ளைகளின் பழக்கக் குறையாக்கக் கூடாது. எழுத்தில் மனு கொடுங்கள், வகுப்பு முழுவதும் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை மொட்டை மாடி நடையும் ஸ்கிப்பிங் கயிறும்.

கைப்பேசியை எப்படிக் குறைப்பது? பாடக் குறிப்புகளே வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன.

அதனால்தான் 'கைப்பேசியைத் தூக்கிப் போடு' என்ற அறிவுரை உங்களுக்கு உதவாது. இடத்தை மாற்றுங்கள். இரவில் கட்டிலருகே சார்ஜ் போடாமல், எழுந்து நடந்து போனால்தான் எடுக்க முடியும் என்ற தூரத்தில் வையுங்கள். அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன் என்பவர்கள் ஒரு சிறிய அலாரக் கடிகாரம் வாங்குங்கள். வகுப்புக் குழுவைத் தவிர மற்றவற்றின் ஒலியை நிறுத்துங்கள். குறிப்புகளை மாலையில் ஒரே தடவையாகத் தரவிறக்கி, இணையத்தை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

தினமும் படிக்கிறேன், ஆனால் தேர்வில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டால் 'நான்கு தடவை வாசித்தேன்' என்பார்கள். அங்கேதான் சிக்கல். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் பெரும்பகுதி போய்விட்டது. பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும், திரும்பப் பார்க்காவிட்டால் நழுவத்தான் செய்யும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே மாலைத் தேநீர் முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இன்று நடந்த ஒரு பாடத்தில் நினைவில் இருப்பதை, நோட்டைத் திறக்காமல் எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விட்டதை வேறு நிற மையில் நிரப்புங்கள். மூன்று நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் அதே தலைப்பை மறுபடி வெற்றுத்தாளில் எழுதுங்கள். முதல் தடவை கால் பக்கம்கூட வராது. வராததைக் கண்டு பயப்படாதீர்கள். அந்தத் தடுமாற்றமே நினைவை உறுதியாக்குகிறது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒன்று. பாடத்தை முதலில் தமிழில், உங்கள் ஊர்த் தம்பிக்குச் சொல்வதுபோல வாய்விட்டு விளக்குங்கள். புரிந்தது உறுதியான பிறகு ஆங்கிலக் கலைச்சொற்களை அதில் பொருத்துங்கள். புரியாத ஆங்கில வாக்கியங்களை உருப்போட்டு இரவுகளைக் கழிக்கும் புத்திசாலிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வார இறுதியில் வேலைக்குப் போகிறேன். எனக்கு இதெல்லாம் சாத்தியமா?

முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்க் கட்டணம் கட்டும் மாணவர்கள் பலர். இரவு முழுக்க நின்று பரிமாறிவிட்டு வந்தவரிடம் காலை நடை பற்றிப் பேசக் கூடாது. வந்ததும் தூங்குங்கள், ஆனால் மாலை நான்கு மணிக்குள் எழுந்துவிடுங்கள். இல்லையென்றால் அன்றிரவுத் தூக்கமும் போகும். உங்களுக்கான பழக்கம் வார நாள்களில் மட்டும் இருந்தால் போதும். வேலை ஒப்புக்கொள்ளும்போது மறுநாள் இன்டர்னல் தேர்வு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தேர்வு நேரத்தில் எல்லாப் பழக்கமும் சிதறிவிடுகிறது.

சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள். இருபது நிமிட நடை ஐந்து நிமிடமாகட்டும். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம். காலை டிபனை விடவே வேண்டாம். முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்து படித்தவர், தெரிந்த கேள்விக்கே விடையைக் குழப்பி எழுதுவதைத் தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நிற்கும் எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார்.

வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை. குளிக்கக்கூடத் தோன்றவில்லை.

இதற்குப் பழக்கம் பற்றிய அறிவுரை விடையாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தளர்ந்தே இருந்தால், தூக்கமோ பசியோ மாறிப்போனால், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் உடனே உதவி கேளுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அறைத்தோழர் இப்படி இருப்பதைக் கவனித்தால் தனியாக விடாதீர்கள், கூடவே போங்கள். விடுதிக் காப்பாளரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் வந்தால் எல்லாம் மறந்துவிடுகிறது.

மெஸ் மணியோடு கட்டிய பழக்கம் மெஸ் இல்லாத இடத்தில் நிற்காமல் போவது இயல்பு. வீட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள். எழும் நேரத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. மற்றபடி அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு, பாட்டியிடம் பேசி, நன்றாக இருந்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது மட்டும் ஒன்று. ஞாயிறு இரவு பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்தபடியே தூங்கி, திங்கள் விடியலில் இறங்கி நேராக வகுப்புக்குப் போகாதீர்கள். முடிந்தவரை ஞாயிறு மாலைக்குள் விடுதிக்கு வந்து, துணிகளை எடுத்துவைத்து, உங்கள் வழக்கமான நேரத்தில் படுத்துவிடுங்கள்.